நாற்பது வயதில் தொழில் மாறுவோர்: சான்றிதழும் ஸகாத்தும்

"நாப்பது வயசுக்குப் பொறகு இனி என்னத்தப் படிக்கிற?" பதுளை, பசறை, லுணுகலைப் பக்கங்களில் தொழில் மாற நினைக்கிறவர்களின் வாயிலிருந்து நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வயதைத் தடையாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை தடைகள் இரண்டு: கையில் கடதாசி இல்லாமை, பயிற்சிக் காலத்தில் சம்பளம் இல்லாமை.

ஊவாவின் நிலைமை எல்லோரும் அறிந்ததே. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் கொப்பி வைத்திருக்கிற நம்மவர்களின் சில்லறைக் கடைகளும் அதற்கேற்பத்தான் ஓடும். அதனால் தோட்டத்துத் தம்பியும் கடைக்கார நானாவும் ஒரே காலத்தில் வேறு தொழில் தேடுகிறார்கள்.

இவர்களில் பலர் தொழில் தெரியாதவர்கள் அல்லர். ஒருவர் பல வருஷமாக ஓய்வு நாட்களில் மேசன் வேலை செய்தவர். இன்னொருவர் வயரிங், மற்றவர் தையல். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால், சான்றிதழ் இல்லாத காரணத்தால் 'லேபர்' என்றே பதிவாகிறது. சம்பளமும் அந்தக் கணக்கில்தான்.

இதற்கு இலங்கையில் வழி இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ) முறையை நடத்துகிறது. அதில் 7 மட்டங்கள்: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வகுப்புக்குப் போகாமலே இதில் சேர ஒரு வாசல் உண்டு. அதன் பெயர் 'முன்கற்றலை அங்கீகரித்தல்'.

விண்ணப்பிக்கிறவர் தான் செய்த வேலைக்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்: வேலை கொடுத்தவர்களின் கடிதம், செய்த வேலையின் படங்கள், பெற்ற சிறு பயிற்சிகளின் விபரம். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர், அந்தத் தொழிலுக்கான தேசிய தேர்ச்சி நியமத்தை வைத்துக்கொண்டு, வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். எங்கே குறை தெரிகிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். முழுப் பாடநெறியையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். 'தமிழ் மொழி மூலம்' என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். வேலைக் கடிதங்களை இன்றே வாங்கி வையுங்கள். பழைய முதலாளி மௌத்தான பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்தது சம்பளம். புதிதாக ஒரு தொழிலைக் கற்கிறவர் மாதக்கணக்கில் வருமானத்தை இழக்கிறார். பாதியில் விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் போகிறார்கள்.

இங்கே நமது பிக்ஹு நூல்களைப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) 'அல்மஜ்மூஃ' நூலில், ஏழைக்கு ஸகாத் கொடுக்கும் அளவைப் பற்றிப் பேசும்போது, கைத்தொழில் தெரிந்தவருக்கு அவருடைய தொழிற்கருவிகளை வாங்கப் போதுமானதைக் கொடுக்க வேண்டும் என்ற ஷாபிஈ அறிஞர்களின் கருத்தை எடுத்துச் சொல்கிறார். கருவியின் விலை குறைவோ கூடவோ என்று அவர்கள் பார்க்கவில்லை. வியாபாரிக்கு முதல், தையல்காரருக்கும் தச்சருக்கும் கருவி. வாங்குகிறவர் மீண்டும் கையேந்தாத நிலைக்கு வர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நாமோ றமழானில் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரமாகப் பிரித்துக் கொடுத்து முடிக்கிறோம். அடுத்த வருஷமும் அதே ஆட்கள் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தில் குடும்பச் செலவையும் கருவியைப் போலவே கருதலாம் என்பது என் எண்ணம். ஊர் ஆலிம்கள் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லட்டும். முஸ்லிமல்லாத தோட்டத்து அயலவருக்கு ஸதகாவிலிருந்து உதவத் தடையில்லை என்பதையும் அவர்கள் ஜமாஅத்துக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஊவாவின் ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் இவ்வருட ஸகாத்தில் இருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதச் செலவையும் கருவியையும் கொடுத்துப் பார்க்கட்டும். அந்த இரண்டு பேர் அடுத்த வருஷம் வாங்குகிறவர்களின் பட்டியலில் இருக்கிறார்களா என்று கணக்கெடுத்தால், மிச்சத்தை ஜமாஅத்தே தீர்மானித்துக்கொள்ளும்.