படிக்கட்டில் ஏறும் படகு

படகு மேடு ஏறும் என்று சொன்னால் நம்புவீர்களா? என் வகுப்புப் பிள்ளைகள் நம்பவில்லை. "தண்ணி கீழேதானே சார் ஓடும்?" என்று கேட்டான் ஒரு பையன். அவன் கேட்டது நியாயந்தான். அந்தக் கேள்விக்கு விடையாகப் பிரான்சு நாட்டின் தெற்கே ஒரு கால்வாய் இருக்கிறது.

'கனால் து மிதி' என்பது அதன் பெயர். (நாம் சைக்கிளில் மிதிக்கும் மிதியல்ல. அவர்கள் மொழியில் தெற்கு என்று பொருள்.) தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரக் காயல் வரை 240 கிலோமீட்டர் நீளம். முன்பு கோதுமையும் திராட்சை மதுவும் ஏற்றிச் சென்ற படகுகளைக் கரையில் நடந்த குதிரைகள் இழுத்தன. இன்று அங்கே விடுமுறைக்கு வரும் குடும்பங்களே மிகுதி. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஓட்டுவதற்கு உரிமம் வேண்டியதில்லை. படகுக்காரர் சிறிது நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தந்துவிடுவார். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கரையில் சைக்கிளில் போகிறவர் கையசைத்துவிட்டு முந்திப் போய்விடுவார்!

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கரையோர மரத்தில் கயிறு கட்டக் கூடாது. முளையில்தான் கட்ட வேண்டும். நிழலுக்காக நடப்பட்ட 42,000 பிளேன் மரங்களை 2006ஆம் ஆண்டு முதல் ஒரு பூஞ்சை நோய் தாக்கி வருகிறது. பட்டையில் கயிறு உரசிய காயம் போதும், நோய் உள்ளே புகுந்துவிடும். பட்டைக் காயம் மரத்தை என்ன செய்யும் என்பது பால்வெட்டியவர்களுக்குத் தெரியாததா? ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்துவிட்டு வேறு கன்றுகளை நட்டு வருகிறார்கள்.

இனி, படகு மேடு ஏறுகிற கதைக்கு வருவோம். வழியில் கல்லால் கட்டிய தொட்டிகள் உள்ளன. இரு முனையிலும் கதவு. படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து தண்ணீரை விடுகிறார்கள். தொட்டி நிறைய நிறையப் படகும் உயரும். நீர்மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கும். பேசியே ஊருக்கு அருகில் இப்படி எட்டுத் தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுப் போலவே கட்டியிருக்கிறார்கள். ஏற்றம் 20 மீட்டருக்கும் மேல்!

ஆனால் மேட்டிலே நிரப்பத் தண்ணீர் வேண்டுமே? அதுதான் பலரும் விடை காணாமல் கைவிட்ட கேள்வி. உப்பு வரி வசூலித்துவந்த பியேர் போல் ரிக்கே என்பவர் விடை கண்டார். கறுப்பு மலையின் ஓடைகளைத் திருப்பி, பேரணை ஒன்றில் தேக்கி, கால்வாயின் மிக உயர்ந்த இடமான நொரூசுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து தண்ணீர் இரு பக்கமும் இறங்குகிறது. மன்னர் பதினான்காம் லூயி 1666இல் அனுமதி தந்தார்.

அந்நாளில் மண்வெட்டும் இயந்திரம் ஏது? மண்வெட்டி, கூடை, மனிதக் கைகள்தாம். ஒரு சமயம் 12,000 பேர் வரை வேலை செய்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. மலைக் கிராமங்களில் ஓடைநீரைத் திருப்பிப் பழகிய பெண்களின் அறிவு இந்த வேலைக்குப் பெரிதும் உதவியது என்று சந்திரா முகர்ஜி என்ற ஆய்வாளர் தமது நூலில் காட்டியிருக்கிறார்.

அவர்களுக்கு ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார், 10 லிவர். ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் பிடித்தமில்லை. நோயில் படுத்தாலும் சம்பளம் உண்டு. மழை பெய்து வேலை நின்றாலும் உண்டு!

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தாயார் பால்வெட்டியவர். விடியுமுன் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை. எங்கள் லயத்தில் மழையை யாரும் ரசித்து நான் பார்த்ததில்லை.

ரிக்கே கருணையினால் மட்டுமே இப்படிச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்குப் போய்விட்டால் கால்வாய் வெட்ட ஆளிராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருக்கட்டுமே. மழை நாளுக்குக் கூலி வாங்கியவள் காரணம் கேட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டாள்.

செலவு மேல் செலவாக, சொந்தப் பணத்தையும் அவர் கால்வாயில் போட்டார். 1680 அக்டோபரில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டுப் படகுகள் ஓடியதை அவர் பார்க்கவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன கடனை அடைக்க வாரிசுகளுக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.