‘சர்ஜ்’ என்றொரு சொல்

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், கடைக்கு வந்த கடிதங்களிலும் பில்களிலும் பார்த்துக் கற்றதுதான். ஆனாலும் ‘சர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நமது இதழில் எழுதத் துணிந்தேன். காரணம், அதன் பொருள் சரியாகத் தெரியாமல் இரண்டு முறை நஷ்டப்பட்டிருக்கிறேன்.

கடல்நீர் திரண்டு மேலெழுவதை ‘சர்ஜ்’ என்பார்கள். ‘எழுதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லே இதற்கு வேர். சரக்கு கிடைக்கும் இடத்தை ‘சோர்ஸ்’ என்கிறோமே, அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். புயல் காற்று கடலைத் தள்ளிக் கரைமேல் ஏற்றினால் அது ‘ஸ்டார்ம் சர்ஜ்’. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இதுதான்.

இது நேர்ப்பொருள். அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் கடலை விட்டுக் கரையேறிவிட்டது. கூட்டம் திடீரென முண்டியடித்தாலும், கோபம் பொங்கினாலும், மின்சாரம் ஒரு கணம் பாய்ந்தாலும், விலை தாவினாலும் எல்லாம் ‘சர்ஜ்’தான்.

முதல் நஷ்டம் மின்சாரத்தால் வந்தது. ஓர் இடிமழை இரவில் கடையின் எலக்ட்ரானிக் தராசும் கம்ப்யூட்டரும் கருகின. “ஸ்டெபிலைசர் இருக்கிறதே!” என்றேன். பழுது பார்க்க வந்தவர் விளக்கினார். வோல்டேஜ் கூடிக் குறைவதைச் சமாளிப்பது ஸ்டெபிலைசர். கண்ணிமைக்கும் முன் வந்து போகும் பாய்ச்சலைத் தாங்குவது ‘சர்ஜ் புரொடெக்டர்’. அதற்கும் எர்த் சரியாக இருக்கவேண்டும். தீ இன்சூரன்ஸ் பாலிசியில், மின்பாய்ச்சலால் அந்தக் கருவிக்கே ஏற்படும் சேதத்தை விலக்கி வைப்பது வழக்கம். அன்பர்கள் தங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது நஷ்டம் துவரம் பருப்பில். 2015 அக்டோபரில் பல ஊர்களில் சில்லறை விலை கிலோ ரூ.200ஐத் தொட்டது. ஆங்கிலப் பத்திரிகையில் ‘சர்ஜ்’ என்று பார்த்ததும், இனி ஏறிக்கொண்டே போகும் என்று எடுத்துக்கொண்டு உச்ச விலையில் கொள்முதல் செய்தேன். என்னிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கும் “இன்னும் ஏறும், வாங்கி வையுங்கள்” என்றேன். அரசு இருப்புக்கு உச்சவரம்பு விதித்தது, சோதனைகள் நடந்தன, விலை இறங்கத் தொடங்கியது. 2016-17இல் விளைச்சல் பெருகி, குவிண்டாலுக்கு ரூ.5,050 என்ற ஆதரவு விலைக்கும் கீழே பல மண்டிகளில் துவரை விற்றது. என் நஷ்டத்தைப் பேரேட்டில் எழுதி முடித்துவிட்டேன். என் சொல்லை நம்பி வாங்கியவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சாதாரண விலையேற்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்ற சொல் இருக்கிறது. ‘சர்ஜ்’ என்றால் அலைபோல் திடீரென எழுவது. எழுந்த அலை எப்போது இறங்கும் என்பதைப் பத்திரிகைத் தலைப்பு சொல்லாது, வரத்துதான் சொல்லும். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டால் உடனே தரகருக்குப் போன் செய்யாமல், வரத்து ஏன் குறைந்தது, புதுச் சரக்கு எந்த மாதம் வரும், நம் கடையில் எத்தனை நாள் இருப்பு உள்ளது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்த பிறகு கொள்முதல் செய்தால் போதும்.