வித்து இல்லை, நோய் உண்டு

சோறு சமைக்காத நாள் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் நெற்பயிரை நான் முதன்முதலில் தொட்டுப் பார்த்தது பல்கலைக்கழக ஆய்வகத்தில்தான். அதுவும் நோய் பிடித்த பயிர். இலையெங்கும் கண் வடிவில் புள்ளிகள், ஓரம் பழுப்பு, நடுவே சாம்பல் நிறம். இதற்குப் பெயர் குலைநோய்.

நோயை உண்டாக்குவது மேக்னபோர்தே ஒரைசே என்ற பூஞ்சை. வயலில் அது பெரும்பாலும் இணை தேடுவதில்லை. தன் நகல்களையே வித்துகளாக உருவாக்கிக் காற்றில் விடுகிறது. ஓர் இலைப்புள்ளியிலிருந்து ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் கிளம்பும். ஈரமான இலையில் ஒட்டிய வித்து முளைவிட்டு, கறுத்த குமிழ் ஒன்றை உருவாக்கும். குமிழுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட 30 மடங்குக்கும் அதிகம். அந்த விசையில் இலைத்தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது.

வித்தே உருவாகாமல் தடுத்துவிட்டால்? என் ஆய்வுத் திட்டம் அதைப் பற்றியதுதான். வித்து உருவாகத் தேவையான புரதம் எது என்று அறிய, அதற்கான மரபணுவை நீக்கிவிட்டு என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்கிறோம். பூஞ்சையை ஓட்ஸ் கலந்த ஏகாரில் வளர்த்து, நீர்விட்டுச் சுரண்டி, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வித்துகளை எண்ண வேண்டும். கண் வலிக்கும் வேலை.

ஒருநாள் எண்ணிக்கை சைபர்! துள்ளிக் குதித்தேன். ஆய்வகத்தின் மூத்த மாணவி நிதானமாகக் கேட்டார்: “மரபணு நீக்காத பூஞ்சையில் எத்தனை?” அதிலும் ஏறக்குறைய சைபர்தான். தட்டுகளை இருட்டில் வைத்திருந்தேன். வெளிச்சம் கிடைக்காவிட்டால் இந்தப் பூஞ்சை சரியாக வித்து விடாது. பத்து நாள் உழைப்பு வீண்.

உண்மையான சைபரை தென்கொரிய ஆய்வாளர்கள் 2009இலேயே காட்டிவிட்டார்கள். மோஹாக்ஸ்2 என்ற புரதம், மற்ற மரபணுக்களை இயக்கும் சுவிட்ச் போன்றது. அதன் மரபணுவை நீக்கியதும், வித்தைத் தாங்கும் காம்பு வளர்ந்தது, நுனியில் வித்து மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பூஞ்சையின் இழைகளை இலைமேல் வைத்தபோது நோய் வந்தது! இழையின் நுனியே குமிழாக மாறி இலையைத் துளைத்துவிட்டது. படித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பிறகு யோசித்தால், அது முழுத் தோல்வியல்ல என்று தோன்றுகிறது. இழை பக்கத்து இலைக்குப் போகலாம், பக்கத்து வயலுக்குப் பறக்க முடியாது. 2016இல் இதே பூஞ்சையின் கோதுமை வகை வங்காளதேசத்தில் ஏறத்தாழ 15,000 ஹெக்டரைத் தாக்கியது. அது தென்னமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த வகையின் நகல் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. நோயை அடியோடு ஒழிக்காவிட்டாலும், இப்படிப் பரவுவதைத் தடுத்தாலே பெரிய காரியம்தான்.

இப்போது வித்தை எண்ணுவதோடு நான் நிறுத்துவதில்லை. சைபர் வந்தாலும், இழைகளை எடுத்து ஓர் இலைமேல் வைத்துவிட்டு ஐந்து நாள் காத்திருக்கிறேன். தட்டுகள் விளக்குக்குக் கீழே இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான்!