கூம்பு மூக்கு இன்ஜின்

எங்கள் ராமகுப்பத்துக்கு ரயில் கிடையாது. குப்பம் ஸ்டேஷனுக்குப் போனால்தான் ரயில். சிறுவயதில் அப்பாவோடு அங்கே போனால், ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து மேடேறி வரும் வண்டியைப் பார்க்க பிளாட்பாரத்தின் கோடிக்கு ஓடுவேன். துப்பாக்கிக் குண்டு போன்ற மூக்கு, அதன்மேல் நட்சத்திரம். ரயில்வேயில் சேர்ந்த பிறகுதான் அது 'டபிள்யூ.பி.' இன்ஜின் என்று தெரிந்தது. டபிள்யூ என்றால் அகலப் பாதை, பி என்றால் பாசஞ்சர்.

நம் சங்கத்து மூத்த அன்பர்கள் பலர் இதன் பின்னால் பயணம் செய்திருப்பார்கள். ஆனால் ஒரு பெரும் விபத்து கற்றுக்கொடுத்த பாடம் இதற்குள் இருப்பது பலருக்குத் தெரியாது.

1920களில் 'எக்ஸ்.பி.' என்ற எக்ஸ்பிரஸ் இன்ஜின்கள் வந்தன. மலிவான கரியில் ஓடும். ஆனால் வேகமெடுத்தால் இடமும் வலமுமாக ஆடி, தண்டவாளத்தையே நெளித்துவிடும். 1937 ஜூலை 17 அன்று பாட்னா அருகே பிஹ்டாவில் பஞ்சாப்–ஹௌரா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இன்ஜின் நிபுணர் ஸ்டேனியர் உட்பட ஒரு குழு இங்கு வந்து ஆராய்ந்தது. சக்கர போகிகளின் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும் ஸ்பிரிங்குகளுக்குப் போதிய பலமில்லை, பாதையும் அந்த இன்ஜினைத் தாங்கும்படி இல்லை என்று தெரிந்தது.

பிறகு யுத்தம் வந்துவிட்டது. 1947இல்தான் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து முதல் 16 டபிள்யூ.பி.க்கள் வந்தன. பின்னர் கனடா, போலந்து, ஆஸ்திரியாவிலும், 1963 முதல் நம் சித்தரஞ்சனிலும் செய்தார்கள். மொத்தம் 755. ஓட்டும் சக்கரம் 5 அடி 7 அங்குல விட்டம், பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. நம் கரியில் சாம்பல் அதிகம் என்பதால் அடுப்புத் தட்டை 46 சதுர அடிக்கு அகலமாக வைத்தார்கள். அவ்வளவையும் ஃபயர்மேன் கையால்தான் நிரப்ப வேண்டும்! பயிற்சியின்போது நானும் ஒருநாள் கரி போட்டேன். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

அன்று வண்டி ஓட்டிய முதிய டிரைவர் இளவயதில் எக்ஸ்.பி.யில் ஃபயர்மேனாக இருந்தவர். "அதுல ஒரு கையால எதையாவது புடிச்சுக்கணும் தம்பி. இதுல ரெண்டு காலையும் ஊனி நிக்கலாம்" என்றார். எந்தப் பொறியியல் அறிக்கையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மூக்கு காற்றைக் கிழிக்க என்பார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதனால் பெரிய லாபமில்லை, அழகுக்குத்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே! எனக்கு அதைவிடப் பிடித்தது சத்தம். சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு விடும். குப்பம் மேட்டில் அதை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

1995இல் அகலப் பாதையில் நீராவி வண்டிகள் நின்றன. 1965இல் சித்தரஞ்சனில் பிறந்த 7161ஆம் எண் 'அக்பர்', டில்லிக்கு அருகே ரேவாரி ஷெட்டில் பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பக்கம் போகும் அன்பர்கள் மூக்கைப் பார்த்த பிறகு, சற்றுக் குனிந்து முன் போகியையும் பாருங்கள்.