டொக்… டொக்… கல்லுக்கும் வந்தாச்சு கமென்ட்!

ஈ.சி.ஆர்-ல பைக்கை விரட்டிக்கிட்டு மாமல்லபுரம் போறீங்க. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைக் கையால தாங்குற மாதிரி ஒரு போட்டோ, கடற்கரைக் கோயில்ல ரெண்டு செல்ஃபி, சுடச்சுட வறுத்த மீன். அப்புறம் கிளம்பிடுவீங்க, கரெக்ட்டா? வழியில 'டொக் டொக்'னு உளிச் சத்தம் கேட்குமே, அந்தப் பட்டறைங்களை என்னிக்காவது எட்டிப் பார்த்திருக்கீங்களா பாஸ்?

பல்லவர் சிற்பங்களை யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனா, அந்தக் கலை அங்கே இன்னும் உயிரோட இருக்கு. 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இந்த ஊர்லதான் இருக்கு. கன்னியாகுமரியில 133 அடி உயர வள்ளுவரை நிறுத்தின கணபதி ஸ்தபதி, இங்கே முதல்வரா இருந்தவர். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

பெருமை எல்லாம் ஓகே. ஆர்டர் வரணுமே? ரோட்டோரப் பட்டறை, வண்டியை நிறுத்தி இறங்குற ஆளை நம்பித்தான் இருக்கு. 2020-ல் கொரோனா வந்து ரோடு காலியானப்ப, அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிசுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் இன்டர்நெட் பக்கம் திரும்ப வேண்டியிருக்கு.

'வெப் 2.0'ன்னு 2004 வாக்குல ஒரு பேச்சு கிளம்புச்சு. படிக்கிறவங்களே எழுதுவாங்க, வாங்குறவங்களே மார்க் போடுவாங்கங்கிற சமாச்சாரம். 2006-ல் டைம் பத்திரிகை, அந்த வருஷத்தின் மனிதர் 'நீங்கள்'தான்னு அட்டையிலேயே போட்டுச்சு. ஐ.டி. கம்பெனிகள் ஆச்சரியப்பட்டிருக்கலாம். சிற்பிக்கு இதுல என்ன புதுசு? கோயில் கமிட்டிக்காரங்க பட்டறைக்கே வந்து உட்கார்ந்து, உயரம் என்ன, கையில என்ன ஆயுதம், பீடம் எப்படின்னு பேசிப் பேசித்தானே சிலையே ஆரம்பிக்கும்! இப்போ அந்த ஆள் திண்ணையில இல்ல, டொரன்டோவுல இருக்கார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்கு என்ன காட்டுறது? பளபள போட்டோவை ஆயிரம் கடைக்காரங்க போடுறாங்க. கருங்கல்லுக்கு ஃபிளாஷ் அடிச்சீங்கன்னா வேலைப்பாடு எல்லாம் செத்துப் போகும். சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழுறப்ப எடுங்க, உளி போன ஒவ்வொரு தடமும் தெரியும். இன்னொரு ஐடியா, கல்லோட ஓசை. நல்ல கல்லை ஸ்தபதிகள் தட்டிக் கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பாங்க. ஆண் கல், பெண் கல்னு பிரிக்கிறதும் ஓசையை வெச்சுத்தான். அதை 15 செகண்ட் வீடியோவா போட்டா, கல்லைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்கும் காதால ஒரு உத்தரவாதம் கிடைக்குமே! மாக்கல்லைக் கருங்கல்னு சொல்லி விக்கிறவங்க இந்த வீடியோவைப் போட மாட்டாங்க பாருங்க.

ஆனா, கஸ்டமர் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். "தும்பிக்கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க" என்பார். களிமண்ணா இருந்தா ஒட்டிக்கலாம். கல்லுல செதுக்கினது செதுக்கினதுதான். அதனால எல்லைக்கோடு வேணும். பேப்பர்ல வரைபடம், அப்புறம் கல்லுல காவிக் கோடு, இது ரெண்டையும் வாட்ஸ்-அப்ல அனுப்பி 'சரி'ன்னு பதில் வாங்குங்க. உளி இறங்கினதுக்கு அப்புறம் வேலை நடக்குற படத்தை அனுப்பலாம், அபிப்பிராயம் கேட்கக் கூடாது. இதை முதல்லயே சொல்லிட்டா சண்டையே வராது. சிறு கடைகளுக்குன்னே 2018-ல் வந்த வாட்ஸ்-அப் பிசினஸ்ல, 2019-லிருந்து கேட்டலாக் வசதியும் இருக்கு. தனி வெப்சைட்டுக்குப் பணம் கொட்டுறதுக்கு முன்னாடி இதைப் பழகுங்க.

கோவளம் பசங்க ஸர்ஃபிங்ல இதை முன்னாடியே பிடிச்சுட்டாங்கன்னு எனக்குத் தோணும். மீனவரான மூர்த்தி மேகவன் 2012 வாக்குல அங்கே ஸர்ஃப் பள்ளியைக் கட்டி எழுப்பினார். அலை மேல முதல்முறை எழுந்து நிக்கிறவர் அந்தப் படத்தை உலகத்துக்கே காட்டாம விடுவாரா? விளம்பரச் செலவு மிச்சம்!

ஸ்டார் ரேட்டிங் பத்தி ஒரு வார்த்தை. காசு கொடுத்து அஞ்சு ஸ்டார் வாங்காதீங்க. பொய் விமர்சனங்களுக்கு எதிரா இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000ன்னு ஒரு தரவிதியே கொண்டுவந்தது. யாராவது ஒரு ஸ்டார் போட்டுத் திட்டினா, பதிலுக்குத் திட்டாம, என்ன நடந்துச்சு, என்ன சரிபண்ணினோம்னு ரெண்டு வரி எழுதுங்க. அடுத்து வர்றவர் அந்தத் திட்டைவிட உங்க பதிலைத்தான் உத்துப் படிப்பார்.

செங்கல்பட்டு, காட்டாங்கொளத்தூர் காலேஜ் மக்களே, உங்க மாமாவோ சித்தப்பாவோ கடை வெச்சிருந்தா இந்த ஞாயித்துக்கிழமை போனோடு போய் உட்காருங்க. படம் எடுங்க, இங்கிலீஷ்ல வர்ற கேள்விக்குப் பதில் தட்டுங்க. பார்சல் செலவை முதல் மெசேஜ்லயே சொல்லிடுங்க, ஏன்னா ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. வாங்குறவர் வீடு மூணாவது மாடின்னா, லிஃப்ட் இருக்கான்னும் கேட்டுக்கங்க!