கொல்லிமலை வீடுகளில் புழக்கடைக் கூரை அமைத்தல்

புழக்கடைக் கூரை என்பது வீட்டின் பின்புற முற்றத்தின் மேல், வீட்டுச் சுவரை ஒட்டியோ தனித் தூண்களின் மீதோ அமைக்கப்படும் திறந்த கூரையாகும். சாய்ப்பு, தாழ்வாரம், ஷெட், பந்தல் என இது பல பெயர்களில் வழங்கப்படுகிறது. கொங்குப் பகுதியில் புழக்கடையைப் பொடக்காளி என்றும் அழைப்பர். சமவெளி வீடுகளில் இக்கூரை பெரும்பாலும் வெயிலுக்காக அமைக்கப்படுகிறது. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற இடங்களில் மழை, மூடுபனி, காற்று ஆகிய மூன்றையும் கருத்தில் கொண்டே இதைத் திட்டமிட வேண்டும். இவற்றுள் காற்றே பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடுவது. எடை குறைந்த தகரக் கூரைக்கு அது கீழே விழாமல் தாங்கப்படுவதைவிட மேலே பறந்துவிடாமல் பிடித்து வைக்கப்படுவதே முதன்மையான தேவையாகும்.

அமைவிடமும் காலநிலையும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மக்கள் வாழும் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகளாக ஊர்கள் அமைந்துள்ளன. மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழை ஆகியவையும் சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களும் இங்கு விளைகின்றன.

உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும். எனவே நாமக்கல் நகரில் தகரக் கூரையின் கீழ் உணரப்படும் வெக்கை மலையின் மேல் அதே அளவில் இருப்பதில்லை. மாறாக ஈரம் அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை கிடைக்கிறது. குளிர்காலத்தில் மூடுபனி காலை முழுவதும் நிற்பதுண்டு. இதனால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கிறது, மரம் பூஞ்சை பிடிக்கிறது.

முற்றத்தின் பயனும் சமவெளியிலிருந்து வேறுபடுகிறது. காப்பி அறுவடை வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடும். அதன் பின் மிளகு வரும். பறித்த பச்சை மிளகில் பாதிக்கு மேல் ஈரம் இருக்கும். அதை 12 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர நல்ல வெயிலில் நான்கு முதல் ஆறு நாட்கள் ஆகும். இடையில் ஒரு மழை பெய்து நனைந்துவிட்டால் பூசணம் பிடித்து விலை குறையும். ஆகவே புழக்கடைக் கூரை ஓய்விடமாக மட்டுமின்றி, ஆண்டு வருமானம் காயும் களமாகவும் பயன்படுகிறது.

கூரைப் பொருள்கள்

புல், மூங்கில் பந்தல்: மலையில் மண்சுவர் வீடுகளுக்குப் புல் வேய்வது பழைய வழக்கம். குளிர்ச்சியானது, செலவு குறைவு. ஆனால் அடிக்கடி மாற்றி வேய வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மூங்கிலை அப்படியே நட்டால் மண்ணில் புதைந்த பகுதி விரைவில் மட்கும் என்பதால் கல் அல்லது சிமெண்ட் மேடையின் மீது நிறுத்துவது நல்லது.

ஓடு: ஒரு சதுர மீட்டர் சீமை ஓட்டுக் கூரை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடை உள்ளது. இந்த எடையே காற்றுக்கு எதிராக ஓரளவு உதவுகிறது. ஆனால் அதைத் தாங்க உறுதியான கைமரமும் ரீப்பரும் தேவை. சரிவு குறைந்தது 25 பாகையாவது இருக்க வேண்டும். குரங்குகள் நடமாடும் இடங்களில் ஓடுகள் நகர்வதும் உடைவதும் வழக்கம்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு (ஜிஐ ஷீட்) மற்றும் வண்ணத் தகடு: இன்று மிகுதியாகப் பயன்படுவது இதுவே. 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோகிராம் எடையுள்ளது. வாங்கும்போது தடிமனுடன் துத்தநாகப் பூச்சின் அளவையும் கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம் பூசிய தகடும் 275 கிராம் பூசிய தகடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈரமான மலையில் பின்னதே நீடித்து உழைக்கும்.

பாலிகார்பனேட் தகடு: ஒளி ஊடுருவக்கூடியது. மிளகு, காப்பி உலர்த்தும் பகுதிக்குப் பொருத்தமானது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்குமாறு பொருத்த வேண்டும்; மாற்றிப் பொருத்தினால் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். 40 பாகை வெப்ப வேறுபாட்டில் 3 மீட்டர் நீளத் தகடு சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். எனவே திருகாணியைவிடத் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

சிமெண்ட் ஷீட்: ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்த தகடுகள் இந்தியாவில் இன்றும் விற்பனையில் உள்ளன. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் வெளிப்படும் இழைத் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். பல நாடுகள் இதைத் தடை செய்துள்ளன. உணவுப் பொருள் காயவைக்கும் இடத்திற்கு இது ஏற்றதன்று.

நிழல்வலையும் கொடிப்பந்தலும்: நிழல் மட்டும் போதுமெனில் நிழல்வலையோ, பீர்க்கு, சௌசௌ போன்ற கொடி படரும் பந்தலோ போதும். காற்று ஊடே செல்வதால் விசை குறைவு. மழையைத் தடுக்காது.

காற்று விசையும் எடைக் கணக்கும்

திறந்த கூரையின் மேல் காற்று வேகமாகக் கடக்கும்போது மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அதே நேரத்தில் கூரைக்குக் கீழே நுழையும் காற்று வீட்டுச் சுவரில் மோதி, வெளியேற வழியின்றி மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்குகின்றன.

காற்றின் அழுத்தத்தை எளிய சூத்திரத்தால் கணக்கிடலாம். வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கட்டடங்களின் மீதான காற்றுச் சுமை குறித்த இந்தியத் தர விதி ஐஎஸ் 875 (பகுதி 3) இந்த முறையையே பின்பற்றுகிறது.

எடுத்துக்காட்டாக, 12 அடி அகலமும் 18 அடி நீளமும் உள்ள கூரையின் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். தகடும் இரும்புச் சட்டமும் சேர்த்து அதன் எடை 300 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அழுத்தம் 540 நியூட்டன். இது சதுர மீட்டருக்கு 55 கிலோகிராம் எடைக்குச் சமம். இந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கிச் செயல்பட்டால் தூக்கும் விசை 1100 கிலோகிராம் ஆகும். கூரையின் சொந்த எடையைக் கழித்தால், மீதி 800 கிலோகிராமைத் தூண்களும் அடித்தளமும் பிடித்து நிறுத்த வேண்டும்.

மலைமுகட்டிலும் சரிவின் விளிம்பிலும் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. மேற்கண்ட தர விதியும் இதற்கெனத் தனிக் காரணியைச் சேர்க்கிறது. வேகம் 20 விழுக்காடு கூடினால் அழுத்தம் 44 விழுக்காடு கூடும். அப்போது அதே கூரையைத் தூக்கும் விசை ஏறத்தாழ 1585 கிலோகிராம் ஆகும். பிடித்து நிறுத்த வேண்டியது 1285 கிலோகிராம்.

45 சென்டிமீட்டர் நீள அகலமும் 75 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் நிரப்பிய கான்கிரீட்டின் எடை சுமார் 365 கிலோகிராம். நான்கு தூண்களுக்கு மொத்தம் 1460 கிலோகிராம். பள்ளத்தாக்கில் மரங்கள் சூழ்ந்த வீட்டிற்கு இது போதுமானதாக இருக்கலாம். முகட்டிலுள்ள வீட்டிற்குத் தேவையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆறு தூண்களாக்கினால் 2190 கிலோகிராம் கிடைக்கும். இது தோராயக் கணக்கே. பெரிய கூரைக்கும் விளிம்பில் உள்ள வீட்டிற்கும் பொறியாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஏராளமான வீடுகள் கூரையை இழந்தன. புயல் இல்லாத ஆண்டுகளிலும் கோடை இடிமழைக்கு முன் வீசும் சூறைக்காற்றுக்கு ஒரு தகரத்தைப் பிடுங்கி எறியும் வலு உண்டு. பறக்கும் தகட்டின் விளிம்பு கத்தியைப் போன்றது. அண்டை வீட்டாருக்கும் அது ஆபத்து.

அமைக்கும் முறை

இடத்தை அறிதல்: மலைச்சரிவில் வீடு கட்டும்போது மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டிச் சமன் செய்வது வழக்கம். இதனால் முற்றத்தின் வெளி விளிம்பு பெரும்பாலும் நிரப்பு மண்ணாகவே இருக்கும். கூரையின் வெளித்தூண்கள் நிற்பதும் அங்கேதான். நிரப்பு மண்ணைத் தாண்டி, கெட்டியான இயல்பு மண் வரும்வரை குழி தோண்ட வேண்டும். அது முடியாவிட்டால் தூணை உள்ளே தள்ளிக் கூரையைச் சிறிதாக்குவதே பாதுகாப்பு.

அனுமதி: அறிவிக்கப்பட்ட மலைக்கிராமங்களில் கட்டுமானங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. நிலையான கூரை அமைக்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

பொருள் கொண்டுவருதல்: இரும்புக் குழாய்கள் வழக்கமாக 6 மீட்டர் நீளத்தில் விற்கப்படுகின்றன. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எனவே அளவெடுத்து, கீழேயே வெட்டிக் கொண்டுவந்தால் ஏற்றிச் செல்வது எளிது. தகடுகளையும் ஒரே நீளமாக வாங்காமல் இரண்டாகப் பிரிக்க நேரிடலாம். அப்போது மேல் தகடு கீழ்த்தகட்டின் மீது குறைந்தது 15 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும்.

தூணும் சட்டமும்: தூண்களின் இடைவெளி 3 மீட்டரைத் தாண்டாதிருப்பது நல்லது. தூணின் அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்து கான்கிரீட்டில் புதைக்கலாம். அல்லது அடித்தகட்டை, கான்கிரீட்டில் புதைந்த போல்ட்டுகளால் முடுக்கலாம். கான்கிரீட் மேடை தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் தூணின் அடி துருப்பிடிப்பது குறையும். பழைய மண்சுவரில் சட்டத்தைப் பொருத்தக் கூடாது. கூரையைத் தூக்கும் விசை சுவரையும் சேர்த்துப் பெயர்க்கும். அத்தகைய வீடுகளில் சுவர்ப் பக்கமும் தனித்தூண் நட வேண்டும்.

தகடு பொருத்துதல்: குறுக்குச் சட்டங்களின் இடைவெளி 1 முதல் 1.2 மீட்டர். வழக்கமாகக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து தகடு வேயத் தொடங்கினால், ஏறிய விளிம்புகளுக்குள் காற்றும் மழையும் புகாது. திருகாணிகளை ரப்பர் வாஷருடன் தகட்டின் மேட்டுப் பகுதியில் அடிக்க வேண்டும். விளிம்புகளிலும் மூலைகளிலும் தூக்கும் விசை மிக அதிகம் என்பதால் அங்கு ஒவ்வொரு மேட்டிலும் ஒரு திருகாணி தேவை. சட்டத்தைத் தாண்டித் தகடு நீளமாகத் துருத்தி நிற்கக் கூடாது.

நீர் வடிதல்: 20 சதுர மீட்டர் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் நீர் சேரும். அது ஒரே இடத்தில் கொட்டினால் சரிவு மண்ணை அரித்துத் தூணின் அடித்தளத்தையே வெளிக்காட்டும். கூரைவிளிம்பில் தகரக் கால்வாய் அமைத்துத் தொட்டிக்கோ, கல் பாவிய வடிகாலுக்கோ நீரைக் கொண்டுசெல்ல வேண்டும்.

மின்சாரம்: கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் மின்கம்பி தகரக் கூரையையோ தூணையோ தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டத்திற்கு நில இணைப்பு கொடுப்பது நல்லது. அப்படிக் கொடுத்திருந்தாலும் இடி மின்னலின்போது திறந்த கூரையின் கீழ் நிற்பது பாதுகாப்பன்று. வீட்டிற்குள் செல்ல வேண்டும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை, கோடை மழைக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், திருகாணிகளையும் வாஷர்களையும் சோதிக்க வேண்டும். வெடித்த வாஷரை மாற்றாவிட்டால் நீர் இறங்கித் துளையைச் சுற்றித் துருப்பிடிக்கும். பின்னர் துளை அகன்று திருகாணி பிடிமானத்தை இழக்கும். வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் அங்கே துத்தநாகச் சாயம் பூச வேண்டும்.

மழைச்சாரலுக்காகக் கூரையின் பக்கங்களில் தார்ப்பாய் கட்டுவது பலரது வழக்கம். மூன்று பக்கமும் கட்டி, காற்று வரும் பக்கம் மட்டும் திறந்திருந்தால் கூரை காற்றைப் பிடிக்கும் பையாக மாறித் தூக்கும் விசை பெருகும். தார்ப்பாய் தேவைப்படின் காற்று வரும் பக்கத்தில் கட்டி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். கூரையின் மேல் கல்லோ மணல் மூட்டையோ வைப்பது நல்ல இணைப்புக்கு ஈடாகாது. தகடு அசையும்போது அவை உருண்டு கீழே இருப்பவர் மீது விழக்கூடும்.