எந்த வீட்டுச் சாமான்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் தூக்கு, பீங்கான் பொம்மை என்று கூரைவரை அடுக்கியிருக்கும். பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை.

பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கப்பலேற்றிக் கொண்டுவந்த பொருள்கள் இவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் சரிந்தது. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்க ஆளில்லை. வீட்டைப் பிரித்தபோது கதவும் பாத்திரமும் கடைக்கு வந்தன.

இங்கே பித்தளைக் குடம் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் மேல் வெட்டிய பெயரை. சீர்ப் பாத்திரங்களில் உரியவரின் பெயரையோ முதலெழுத்தையோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிவைப்பது வழக்கம். பல காலம் புழங்கிய குடத்தில் அந்தப் புள்ளிகளின் விளிம்பு மழுங்கி, குழிக்குள் கறுப்பேறியிருக்கும். பளபளப்புக்காக எந்திரத்தில் மெருகேற்றும்போது பெயரும் சேர்ந்து தேய்கிறது. குடம் யாருடையது என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான். கறையோடு வாங்குவதே நல்லது.

பீங்கானைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்றிருந்தால், அது நேச நாடுகளின் பிடியில் ஜப்பான் இருந்த 1945–1952 காலத்தைக் குறிக்கும். போலி முத்திரைகளும் உண்டு.

ரவிவர்மா படத்துக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகம் கல்லச்சில் அச்சிட்டது. வண்ணத் துகள்கள் ஒழுங்கில்லாமல் தெரியும். இன்றைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் சீரான வரிசையில் நிற்கும். செட்டிநாட்டில் இந்தப் படங்களுக்குச் சரிகையும் சமிக்கியும் ஒட்டி உடுத்திப் பார்த்திருக்கிறார்கள். அப்படியொன்று கிடைத்தால் பிரிக்கவே கூடாது.

சாமி சிலை விஷயம் வேறு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த உரிமைப் பத்திரங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் எடுத்திருந்த பழைய புகைப்படங்கள் அதை அம்பலப்படுத்தின. 2014-இல் நடராசர் இந்தியா திரும்பினார். பெரிய கலைக்கூடமே ஏமாந்த இடத்தில், பதிவுச் சான்றிதழைக் காட்டாத கடைக்காரரிடம் சிலைக்கு விலை பேசவே கூடாது.